சி ஃபாரம்

பாபுராவ் தெருவில் முப்பத்திரண்டு அறை லாட்ஜ்.
பலகையில் தமிழைவிடப் பெரிதாய் வங்காள எழுத்து.
சாவிக்கொத்தும் லெட்ஜரும் என் பொறுப்பு;
பென்ஷன் போதாத ஹவில்தார் நான்.

விடிகாலை காட்பாடியில் இறங்கி
ஆட்டோவில் வந்தார் மொஃபஸ்ஸல் மண்டல்,
குஷ்டியா மாவட்டம்.
பாய்க்குள் சுருட்டிய எக்ஸ்ரேக்கள்.
மனைவி ஜோஹுராவுக்கு இதயத்தில் ஒரு வால்வு.
இரண்டு பச்சைப் பாஸ்போர்ட்.

வெளிநாட்டவர் என்றால் சி ஃபாரம்,
மூன்று நகல், ஒரு நாளுக்குள் போலீசுக்கு.
எங்கிருந்து. எந்த வழியாக.
எத்தனை நாள். எதற்கு.
பெனாபோல் என்றார், எழுதினேன்.
சிகிச்சை என்றார், எழுதினேன்.

நான் அந்த நாட்டுக்குள் போனபோது
யாரும் எதுவும் கேட்கவில்லை.
டிசம்பர் பனி, வேலிகூட இல்லாத கடுகு வயல்.
கம்மவான்பேட்டையில் அந்த வருஷம்
வீட்டுக்கு ஒருவர் எங்கோ எல்லையில் இருந்தோம்.
எதற்கு என்று அன்று ஒரு கட்டம் இருந்திருந்தால்
ஆர்டர் என்று நிரப்பியிருப்பேன்.

பாலாற்றுக்காரன்.
எனக்கு ஆறென்றால் மணல்,
ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பும் இடம்.
அங்கே ஒரே நாளில் மூன்று ஆறு குறுக்கிட்டது,
மூன்றிலும் தண்ணீர்!
நீந்தத் தெரியாத என்னை வாழைமரத் தெப்பத்தில் கிடத்தி
லுங்கியைத் தார்பாய்ச்சிய ஒரு பையன்
கழுத்தளவு குளிரில் தள்ளிக்கொண்டு போனான்.
துப்பாக்கி நனையாமல் பிடித்திருந்தேன்.
விடுதலை வாங்கித்தரப் போகிறவனுக்கு
அக்கரை வரை அது ஒன்றுதான் வேலை.
பெயர் கேட்கவில்லை.
கரையேறித் திரும்பியபோது
அடுத்த ஆளுக்காகப் பாதி ஆறு கடந்திருந்தான்.

இதை மண்டலிடம் சொன்னேன்,
கோட்டை அகழியோரம், வேர்க்கடலை உரித்தபடி.
என் வங்காளமும் அவர் இந்தியும்
நொண்டி நொண்டி நடுவில் சந்தித்தன.
கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.
வெட்கம்தான், ஆனால் நினைத்தேன்.

அவர் கடலைத்தோலை ஊதினார்.
"ஒன்பது மாதம் செத்துக்கொண்டிருந்தோம்.
கடைசிப் பதின்மூன்று நாள் வந்தீர்கள்.
உங்கள் ஊரில் அந்தப் பதின்மூன்றைத்தான் எண்ணுவீர்கள்."
கோபமில்லை, மாத்திரை வேளையைச் சொல்வதுபோல.
அப்புறம், கொஞ்சம் கழித்து:
"மார்ச்சில் திரும்பிப் போனீர்கள் பாருங்கள்,
அதுதான் பெரிய உதவி.
துணைக்கு வந்தவன் எழுந்து போவது
லேசில் நடக்கிற காரியமில்லை."

எனக்கு எதிரே கோட்டைச் சுவர்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை.
உள்ளே சிப்பாய்கள் கொடியேற்றிவிட்டு
வெளியிலிருந்து யாராவது வருவார்களென்று
பார்த்திருந்த காலை.
வரத்தான் செய்தார்கள்,
ஆற்காட்டிலிருந்து, குதிரையில்,
வெயில் ஏறுவதற்குள்.
எதிர்த்தரப்புக்கு.

மண்டலிடம் சொல்லாத ஒன்று உண்டு.
குல்னா பக்கம் ஒரு சணல் மில் ஆபீசில்
ஆளில்லாத சுவரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கடிகாரம்.
இப்போது என் கூடத்தில் ஓடுகிறது.
ஞாயிறுதோறும் சாவி கொடுக்கிறேன்.
பரிசு என்று மருமகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
எட்டுக் கிலோமீட்டர்தான், கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்.
ஆஸ்பத்திரிக்காரருக்குச் சுமை எதற்கு என்று
எனக்கே ஒரு சமாதானம்.

இருபத்தாறாம் நாள் வால்வு துடித்தது,
பில் தீர்ந்தது, புறப்பாடு.
லெட்ஜரில் தேதி போட்டேன்.
ஆட்டோவில் ஏறியவர் தலையை வெளியே நீட்டி
இப்போதாவது நீச்சல் கற்றீர்களா என்றார்.
"பாலாற்றிலா?" என்றேன்.
ஜோஹுரா தையல் போட்ட நெஞ்சை
இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு
வலிக்க வலிக்கச் சிரித்தார்.